பங்கு போட வராத நம்பர்

லிஃப்ட் ரிப்பேர் கடை நடத்திவந்த அக்காவும் தங்கையும் பிரிந்துவிடுவது என்று முடிவு செய்த அன்று, ஸ்பேனர்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பங்கு போட்டார்கள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு அக்காவுக்கு. பதினொன்று, பதிமூன்று, பதினேழு தங்கைக்கு. பதிமூன்றாம் அளவு நட்டு ஒன்று குறுக்கே வந்தால் அக்கா யார் வாசலில் போய் நிற்பாள் என்று இருவரும் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவர்களுக்கு நட்டாவது போல்ட்டாவது. அந்த வாரமே இருவரும் தனித்தனியாகப் போய் ஆளுக்குப் பாதி செட் வாங்கினார்கள். இவ்வளவு கிறுக்குத்தனமான வாடிக்கையாளர்களை அந்த ஹார்டுவேர் கடைக்காரர் பார்த்ததில்லை.

வேன் அக்காவுக்கு. வெல்டிங் மெஷினும் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் தங்கைக்கு. மடக்கு ஏணியை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தங்கை, "நீயே வச்சுக்கோ, உனக்குத்தான் உயரம் பத்தாது" என்று விட்டுக்கொடுத்தாள். அது விட்டுக்கொடுத்ததா, குத்திக்காட்டியதா என்று அக்காவுக்கு இன்றுவரை சந்தேகம்.

சண்டை ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயத்துக்கெல்லாம் அவர்கள் சண்டை போட்டதே இல்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோனது. தங்கை போய்ப் பார்த்து, கன்ட்ரோல் போர்டையே மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் சொன்னாள். மறுநாள் அக்கா வந்தாள். கன்ட்ரோல் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள், உள்ளே ரிலே என்கிற ஒரே ஒரு சின்ன சுவிட்சை மாற்றினாள், லிஃப்ட் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "இதுக்குப் போய் போர்டை மாத்தணும்னு எந்தப் புத்திசாலி சொன்னது?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் புத்திசாலி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தங்கை பையை எடுத்துக்கொண்டு, ஓடுகிற லிஃப்ட்டை விட்டுவிட்டு, படி வழியாக இறங்கிப் போனாள்.

எல்லாம் பிரித்த பிறகு மிஞ்சியது கடையின் போன் நம்பர். 73939133.

ஊரில் அவர்கள் பார்த்துக்கொண்ட ஒவ்வொரு லிஃப்ட்டிலும், பட்டன்களுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் உண்டு: ‘லிஃப்ட் நின்றால் பதற வேண்டாம், கூப்பிடுங்கள்.’ கீழே இந்த நம்பர். நம்பர் யாரிடமோ, வேலையும் அவரிடம்.

"போன் கம்பெனியில க்யூல நின்னு வாங்கினது நான்" என்றாள் அக்கா.

"அத்தனை லிஃப்ட்லயும் ஏறி ஒட்டினது யாரு?" என்றாள் தங்கை.

"ஒட்டினவளுக்குச் சொந்தம்னா, சுவர்ல போஸ்டர் ஒட்டறவனுக்கு ஊர்ல பாதி சொந்தம்."

"அப்போ க்யூல நின்னவங்க எல்லாரும் கம்பெனிக்கு முதலாளியா?"

இப்படியே போனால் விடியாது என்று, தீர்ப்பை அக்காவின் கணவரிடம் விட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ‘மீதி சார்’ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எந்தப் பதிலைச் சொன்னாலும், "அது சரி, மீதி எவ்வளவு?" என்று கேட்பார். சண்டை சச்சரவு என்றால் ஆகாது. வகுப்பில் இரண்டு பேர் பென்சிலுக்கு அடித்துக்கொண்டால்கூடத் தன் பென்சிலைக் கொடுத்து முடித்துவிடுகிற ஆள்.

"மாமா என்ன சொல்றாரோ அதான்" என்றாள் தங்கை.

"அவர் சொன்னா நானும் கேட்டுக்கறேன்" என்றாள் அக்கா, இதுவரை கேட்டே இராதவள்.

மனைவி பக்கம் சொன்னால் மச்சினி ஆயுசுக்கும் பேச மாட்டாள். மச்சினி பக்கம் சொன்னால் ஒரே வீட்டில் அந்த மனைவியோடு இருந்தாக வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மாடிக்குப் போய்விட்டார். கீழே கடை, மேலே வீடு என்பதால் தப்பி ஓடவும் அதற்குமேல் தூரமில்லை.

தீர்ப்பு வரும்வரை அந்த நம்பரோடு யாரும் ஊரைச் சுற்றக் கூடாது, வேனில் இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று தங்கை சொன்னாள். நியாயந்தான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டாள். ஒட்டியவளே எடுக்கட்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை. அக்கா வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தாள். வாத்தியார் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பாடம், பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். வகுப்பில் பாதிப் பேர் தொண்ணூற்றொன்று பகா எண் என்று எழுதியிருந்தார்கள். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. பார்த்தால் சாது மாதிரி இருந்துகொண்டு ஊரை ஏமாற்றுவதே அந்த எண்ணுக்குத் தொழில். மறுபடியும் ஒரு பரீட்சை வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்து, நான்கு இலக்கத்தில் ஒரு நல்ல எண் வேண்டுமே என்று ஜன்னல் வழியே பார்த்தார்.

கீழே தங்கை வேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்து இறுகிய ஸ்டிக்கர். முடி காயவைக்கிற டிரையரால் சூடு காட்டி, நகத்தால் கிளப்பி, ஒவ்வோர் இலக்கமாக உரிக்க வேண்டியிருந்தது. வலது ஓரத்தில்தான் ஸ்டிக்கர் லேசாகக் கிளம்பியிருந்தது என்பதால் கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். நான்கு போய்விட்டன. மிச்சம் இருந்தது 7393.

சரி, இதையே கேட்கலாம் என்று விடைத்தாள் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார். இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி. மூன்றால் வகுத்தாலும் ஒன்று மீதி. நான்கு, ஆறு, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு, இவற்றில் எதால் வகுத்தாலும் மீதி ஒன்று. வந்தவர்களை எல்லாம் வாசல்வரை வரவிட்டுக் கதவைச் சாத்துகிற எண்ணாக இருந்தது. ஐந்தும் ஒன்பதும் பத்தும் வாசல்வரைகூட வரவில்லை. எண்பத்து மூன்றுவரை போய்ப் பார்த்தார். பாச்சா பலிக்கவில்லை. பகா எண்தான்.

திருப்தியோடு நிமிர்ந்தால், கீழே தங்கை இன்னொன்றை உரித்துவிட்டாள். 739. இது மனக்கணக்கு. இருபத்து மூன்றுவரை பார்த்தால் போதும். பகா எண்.

"அட!" என்றார் தனியாக.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது 73. அதுவும் பகா எண். இதற்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும். அடுத்தது வெறும் 7. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கீழே தங்கை டிரையரை அந்தக் கடைசி இலக்கத்தின் பக்கம் திருப்பினாள்.

வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்: "நிறுத்து! ஏழை விட்டுடு!"

தங்கை அண்ணாந்து பார்த்தாள். "எந்த ஏழையை, மாமா? என்னையா?"

"அந்த ஏழைத்தான்! அதைத் தொடாதே! இதோ வரேன்!"

மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தவர், வேனைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் அதன் பக்கவாட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டார். உரித்த இடங்களில் பெயிண்ட் வெளுக்காமல் இருந்ததால் பழைய இலக்கங்கள் நிழல்போலத் தெரிந்தன. விரலால் தடவித் தடவிப் படித்தார். ஏழு, மூன்று, ஒன்பது, மூன்று, ஒன்பது, ஒன்று, மூன்று, மூன்று.

"என்னாச்சு மாமா? ஷாக் கீக் அடிச்சுதா?"

"கடைசியில இருந்து ஒவ்வொண்ணா எடுத்தியே, எடுக்க எடுக்க மிச்சம் இருக்கறது பகா எண்ணாவே நிக்குது. நாலு இலக்கத்துக்குப் பார்த்துட்டேன். மேல இருக்கிற நாலுக்கும் அப்படியே இருந்துட்டா..."

"இருந்துட்டா?"

இருந்துவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் என்னதான் சொல்வது? "இருந்துட்டா நல்லா இருக்கும்" என்றார் வாத்தியார்.

தங்கை டிரையரை அணைத்தாள். "எனக்கும் கை வலிக்குது. ஏழு பாட்டுக்கு இருக்கட்டும்."

மாலையில் அக்கா திரும்பிவந்தபோது விடைத்தாள்கள் அப்படியே கிடந்தன. அவர் 73939-ஐ இருநூற்று எழுபத்தொன்றுவரை வகுத்து முடித்திருந்தார். அதுவும் பகா எண்.

"ஏங்க, தீர்ப்பு என்னாச்சு?"

"கணக்குல இருக்கு."

"வேன்ல ஏழு மட்டும் தனியா நிக்குதே, அது யாரு பங்கு?"

"அதுவும் கணக்குல இருக்கு" என்றார் அவர், பேனாவைக் கடித்துக்கொண்டு. அக்கா கையில் இருந்த டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போகும் என்று தெரிந்துதான் வைத்தாள்.

ஆறு இலக்கத்துக்குமேல் கையால் ஆகிற வேலையில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரைப் பிடித்தார். அந்த அம்மா பிரிண்டரில் சிக்கிய தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு எண் பகா எண்ணான்னு பார்க்கணும்."

"அவ்வளவுதானே சார்?" என்று தட்டினார். 73939133. பகா எண். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டுத் தட்டினார். பகா எண். இன்னொன்றை எடுத்தார். பகா எண். டீச்சர் பிரிண்டரை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், இந்த மாதிரி எண் இன்னும் எத்தனை இருக்குன்னு பார்த்துடலாமா?"

"பார்க்க முடியுமா?"

"அடியில இருந்து கட்டிக்கிட்டுப் போகலாம். ஒரு இலக்கத்துல ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, நாலுதான். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு இலக்கம் சேர்ப்போம். பகா எண்ணா வந்தா வச்சுப்போம், இல்லேன்னா வெட்டிடுவோம். வச்சதுக்குப் பின்னாடி மறுபடி ஒண்ணு."

எழுதி ஓடவிட்டார். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். முதலில் செழித்துக் கிளைவிட்டது. ஒரு இலக்கத்தில் நான்கு, இரண்டு இலக்கத்தில் ஒன்பது, பிறகு பதினான்கு, பதினாறு. அதோடு உச்சி. பிறகு வாடத் தொடங்கியது. பதினைந்து, பன்னிரண்டு, எட்டு. எட்டு இலக்கத்துக்கு வந்தபோது மிஞ்சியவை ஐந்தே ஐந்து. ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கிளையும் பட்டுப்போயிற்று.

"மொத்தம் எண்பத்து மூணு சார்" என்றார் டீச்சர். "இதுக்கு மேல கிடையாது. எவ்வளவு தூரம் தேடினாலும் கிடையாது. அதுல ஆகப் பெரியது எது தெரியுமா?"

வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் கேட்க ஆசை. "எது?"

"உங்க எண்தான். யார் நம்பர் சார் இது?"

"என் சம்சாரம் கடை நம்பர். இல்ல, மச்சினி நம்பர். அது இன்னும் முடிவாகலை."

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

"லிஃப்ட் நின்னுடுச்சா? எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடி?" என்றது அக்காவின் குரல்.

"லிஃப்ட் எல்லாம் இல்லைங்க. வாழ்த்து சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"உங்க நம்பருக்கு."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "என் வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே தீர்ப்புச் சபை கூடியது. கடையில் அக்கா ஒரு மூலையில் மோட்டார் பெட்டிமேல் உட்கார்ந்தாள். தங்கை எதிர் மூலையில் கம்பிவடச் சுருள்மேல் உட்கார்ந்தாள். நடுவில் வாத்தியார், ஒரு பொட்டலம் மிட்டாயோடு. முதலில் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். எதற்கு என்று தெரியாமல் இருவரும் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

அவர் ஆரம்பித்தார். கிளைவிட்டதையும் பட்டுப்போனதையும் சொன்னார். எண்பத்து மூன்றையும் சொன்னார். கை ஆடியது, குரல் ஏறியது. "உலகத்துல எங்க போய்த் தேடினாலும் இந்த வகையில இதைவிடப் பெரிய எண் கிடையாது. இதை எதாலயும் வகுக்க முடியாது. வெட்ட வெட்ட, மிச்சத்தையும் வகுக்க முடியாது!"

"வகுக்கச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் அக்கா. "யாருக்குன்னு சொல்லுங்க."

"பின்னாடி இன்னொண்ணு சேர்த்தா இன்னும் பெருசா வருமே மாமா?" என்றாள் தங்கை. அவளுக்கு லேசாக ஆர்வம் வந்திருந்தது.

"வராது. சேர்க்கறதுன்னா ஒண்ணு, மூணு, ஏழு, ஒன்பதுதான் சேர்க்கணும். இரட்டை எண் சேர்த்தா ரெண்டு வகுத்துடும், அஞ்சு சேர்த்தா அஞ்சு வகுத்துடும். ஒண்ணோ ஏழோ சேர்த்தா மூணு உள்ள புகுந்துடும். மூணோ ஒன்பதோ சேர்த்தா வேற எண்கள் புகுந்துடுது."

தங்கை தன் பங்கில் வந்திருந்த கால்குலேட்டரைப் பையிலிருந்து எடுத்து, பின்னால் ஒன்றைச் சேர்த்து மூன்றால் வகுத்தாள். "ஆமாக்கா, கச்சிதமா போகுது" என்றாள். அன்றைய சண்டைக்குப் பிறகு ‘அக்கா’ என்ற சொல் அவள் வாயில் வந்தது அப்போதுதான். வந்ததை அவளே கவனிக்கவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். "இங்க கொடு. சேர்க்காம வகுத்துப் பார்ப்போம். முடியாது முடியாதுன்னா? நாம பார்த்தோமா?"

மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ‘ஆகாது’ என்று சொன்னால் நம்புகிற வழக்கம் அந்த இரண்டு பெண்களிடமும் இல்லை. அதனால்தான் அந்தத் தொழிலில் நிலைத்தார்கள்.

"கம்ப்யூட்டரே பார்த்துடுச்சும்மா" என்றார் வாத்தியார்.

"அது பார்த்தா? அது என்ன லிஃப்ட் ரிப்பேர் பண்ணுமா? நீங்க எண்ணைச் சொல்லுங்க. இவ அழுத்தட்டும். நான் பார்த்துச் சொல்றேன்."

மேலே மெஷின் ரூமில் ஒருத்தியும் கீழே லிஃப்ட் குழியில் ஒருத்தியுமாக நின்று ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துப் பழகியவர்கள். அந்தத் தாளம் தானாக வந்தது. வாத்தியாருக்குப் பகா எண்கள் மனப்பாடம். அவர் எடுத்துக்கொடுக்க, தங்கை அழுத்த, அக்கா திரையைப் பார்த்து அறிவித்தாள்.

"ஏழு."

"மீதி."

"பதினொண்ணு."

"மீதி."

"பதிமூணு."

"மீதி. விடு, அடுத்து."

நாற்பத்தேழு தாண்டியது. ஐம்பத்து மூன்று வந்ததும் அக்கா கத்திவிட்டாள். "இரு இரு! புள்ளி ஒன்பது எட்டுன்னு நிக்குது! கிட்ட வந்துடுச்சு!"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு குறையுது. இதைவிட ஒண்ணு கூட இருந்தா ஐம்பத்து மூணுல சரியா போயிருக்கும்."

"சே! மயிரிழையில தப்பிச்சுட்டான்" என்றாள் தங்கை. அதற்குள் எண் ஒரு ஆளாக ஆகிவிட்டது. அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அறுபத்தொண்ணு."

"மீதி" என்றாள் அக்கா. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தக் கட்டடத்துல ரிலே மறுபடி போயிடுச்சு. நேத்துக் கூப்பிட்டாங்க" என்றாள்.

தங்கை பட்டனை அழுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். "போர்டு வயசாயிடுச்சுக்கா. ரிலே மாத்தினா கொஞ்ச நாள் ஓடும். நான் சொன்னது அதுதான்."

"நீ சொன்னதை நான் கேட்டேனா? காதை வச்சுப் பெட்டியைக் கேட்டேன். உன்னைக் கேட்கலை."

"எல்லார் முன்னாடியும் புத்திசாலின்னியே."

"புத்திசாலின்னா நல்ல வார்த்தைதானே?" என்றாள் அக்கா. தங்கை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வலித்திருக்கும். அக்கா சிரித்தாள்.

வாத்தியார் இந்தப் பக்கம் எதுவும் காதில் விழாததுபோலக் கூரையைப் பார்த்து, "அறுபத்தேழு" என்றார்.

நூற்றைத் தாண்டி, இருநூற்றைத் தாண்டி, அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. "எதுவரைக்கும் பார்க்கணும்?"

"எட்டாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் வரைக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினார்கள். "சரி, ஒத்துக்கறோம். தீர்ப்பைச் சொல்லுங்க."

அவர் விழித்தார். இந்த ஆனந்தத்தில் தீர்ப்பைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அவளே வச்சுக்கட்டும்" என்றாள் அக்கா.

"எனக்கு வேணாம், நீ வச்சுக்கோ" என்றாள் தங்கை.

"நீதானே ஒவ்வொரு லிஃப்ட்லயும் ஒட்டினே?"

"நீதானே க்யூல நின்னே?"

இப்போது இதற்குச் சண்டை. ‘எனக்கு, எனக்கு’ என்று கேட்டபோது வந்த சத்தமும் ‘உனக்கு, உனக்கு’ என்கிறபோது வந்த சத்தமும் வாத்தியாருக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. இருவருக்கும் கை நீண்டது, இருவருமே ‘நீ எடு’ என்று கையை இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் வாத்தியார் எடுத்தார்.

மறுமுனையில் ஒரு பல் டாக்டர். சொந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், லிஃப்ட்டுக்குள் தனியாக நிற்கிறார். மேலே நாற்காலியில் ஒரு நோயாளி, மரத்துப்போக ஊசி போட்டு, வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். டாக்டர் குரல் நடுங்கியது. அடைத்த இடம் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

வாத்தியார் கட்டடத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவும் தங்கையும் வேனை நோக்கி ஓடினார்கள். "அவரைப் பேச்சுல வச்சிருங்க!" என்று அக்கா திரும்பிக் கத்திவிட்டுப் போனாள்.

பேச்சில் வைத்திருப்பது என்றால் வாத்தியாருக்கு ஒரே விஷயந்தான் தெரியும்.

"டாக்டர், உங்க எதிர்ல ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் இருக்கா?"

"இருக்கு. அதைப் பார்த்துத்தானே கூப்பிட்டேன்!"

"நல்லது. அதுல கடைசி இலக்கத்தைப் பிடுங்குங்க."

"என்னது?"

"மனசுக்குள்ள பிடுங்குங்க. உங்களுக்குப் பழக்கம்தானே? ஒண்ணைப் பிடுங்கினா மத்தது ஆடணும், இல்லையா? இதுல ஆடாது. எட்டுல எதுவரைக்கும் பிடுங்கினாலும் மிச்சம் கெட்டியா நிக்கும். கெட்டின்னா என்னன்னு சொல்றேன், கேளுங்க."

டாக்டர் கேட்டார். வேறு வழியும் இல்லை. முதலில் மூச்சு வாங்கியது. பிறகு எதிர்க்கேள்வி போட்டார். "முன்பக்கம் இருந்து பிடுங்கினா?" என்றார். "பாருங்களேன், என்ன ஆகுதுன்னு" என்றார் வாத்தியார். டாக்டர் முன்னால் இருந்த ஏழை எடுத்துவிட்டு, மிச்ச இலக்கங்களை முணுமுணுத்துக் கூட்டினார். "கூட்டினா முப்பத்தொண்ணு. மூணால போகலை. பொறுங்க, ஏழால பார்க்கறேன்" என்றார். அடைத்த இடத்தில் நிற்கிற நினைவே அவருக்கு இல்லை.

அக்காவும் தங்கையும் அங்கே போய்ச் சேர்ந்தபோது நோயாளி வாயைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். தங்கை மெஷின் ரூமுக்கு ஏறிப் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். அக்கா மூன்றாம் மாடிக் கதவருகில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!" என்று குரல் கொடுத்தாள். கதவு திறந்தது. டாக்டர் ஒரு காதில் போனோடு, கண்ணை மூடி ஏதோ எண்ணிக்கொண்டு நின்றார்.

"வெளிய வாங்க டாக்டர்."

"ஒரு நிமிஷம்மா. பாதி வகுத்திருக்கேன்."

நோயாளிதான் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனார்.

கட்டட மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு அக்காவிடம் வந்தார். இது அடிக்கடி ஆகிறது, போர்டை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பேர். தங்கை மேலிருந்து இறங்கி வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"போர்டு விஷயம் எல்லாம் அவகிட்ட கேளுங்க" என்றாள் அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி. "எங்க ரெண்டு பேர்ல அதுல அவதான் கில்லாடி. அவ சொன்னா சொன்னதுதான்."

மேலாளர் திரும்பினார். பத்துப் பேரும் திரும்பினார்கள். தங்கை துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போர்டு நல்லா இருக்கு" என்றாள் பிறகு. "கதவுப் பூட்டுல கான்டாக்ட் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தினா போதும். சத்தத்தை வச்சு எங்கக்காவும் அதைத்தான் சொல்லுவா."

"சொல்லுவேன்" என்றாள் அக்கா.

கடை பிரியவில்லை. ஆனால் பழைய மாதிரியும் இல்லை. போர்டும் புது லிஃப்ட்டும் தங்கையின் பொறுப்பு, அங்கே அக்கா மூக்கை நுழைக்கக் கூடாது. மோட்டாரும் வடமும் சத்தமும் அக்காவின் பொறுப்பு, அங்கே தங்கை உபதேசம் செய்யக் கூடாது. நம்பர் கடைக்கு. விடுமுறை நாட்களில் போனை வாத்தியார் பார்த்துக்கொள்வார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் கணக்குச் சொல்கிறார் என்று ஊரில் பேச்சு பரவியது. ஆள் சீக்கிரம் வந்துவிட்டால் குறைபட்டுக்கொள்கிறவர்களும் உண்டு என்று தங்கை சொல்வாள். அதில் எவ்வளவு உண்மையோ தெரியாது.

வேனுக்குப் புது இலக்கங்கள் வாங்கி வந்தார்கள். தங்கை ஏழுக்குப் பக்கத்தில் மூன்றை ஒட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அக்கா கையில் ஒன்பது. மாடி ஜன்னலை ஒரு தரம் பார்த்தாள். வாத்தியார் குனிந்து தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைத் தலைகீழாகத் திருப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் அழகாக ஒட்டி, தெருப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

"எழுநூத்து முப்பத்தாறா? ஐயோ, ரெண்டால போகுதே! நாலால போகுது! எட்டால போகுது!"

படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். உள்ளேயிருந்து சொம்போடு வந்த தங்கை, வேனையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். "நீ வேணும்னேதானே?" என்றாள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை டிரையரை எடுக்கப் போனாள்.